வெட்டி எடுக்க நானூறு வெள்ளி

பழைய கார் வாங்குகிறவர்கள் எல்லோரும் மேலே பூசியிருக்கிற சாயத்தைத்தான் பார்க்கிறார்கள். குனிந்து அடியில் பார்க்க வேண்டும், ஐயா. கதவுக்குக் கீழே கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திப் பார்க்க வேண்டும். நீங்கள் எப்போதாவது வாங்குவதாக இருந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். விற்கிறவன் சொல்லமாட்டான்.

என் வீட்டுக்காரர் அப்படிப் பார்க்காமல் வாங்கியதுதான் அந்த மோரிஸ். கோவிந்தசாமி என்று எழுதிக்கொண்டீர்களே, அவர்தான். வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவரை அனுப்பிவிடலாம். அவருக்கு எதுவும் தெரியாது. அன்றைக்கு அவர் ஊரிலேயே இல்லை. அவர் வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் டிரைவர். துரை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலாக்காவுக்குப் போயிருந்தார். மோரிஸ்தான் எங்கள் சொந்தக் கார். சொந்தம் என்றுதான் பேர். வாங்கிய நாளிலிருந்து பாதி நாள் கெர்பாவ் ரோட்டில் எங்கள் வீட்டுப் பின்சந்தில்தான் நின்றது.

பட்டறை ஒஸ்மான் உங்களிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். "அந்தப் பொம்பளையிடம் நான் எச்சரித்தேன்" என்று சொல்லியிருப்பார். உண்மைதான். எச்சரித்தார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

நான் முதலில் துருவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது.

சிராங்கூன் ரோட்டு நகைக்கடைக்காரர் ஒருவர் வைத்திருந்த கார் அது. ஒரு பெருமழையில் சேற்றுத் தண்ணீரில் ராத்திரி முழுக்க முழுகிக் கிடந்திருக்கிறது. அதை மறைத்துச் சாயம் பூசி எங்கள் தலையில் கட்டிவிட்டார். கறுப்புச் சாயம், முகம் பார்க்கலாம். ஆறே மாசத்தில் கதவுக்கு அடியில் கொப்புளம் கிளம்பியது. ஒரு நாள் நான் விளக்குமாற்றுக் குச்சியால் ஒரு கொப்புளத்தைக் குத்திப் பார்த்தேன். உடைந்து பழுப்பாகத் தண்ணீர் வடிந்தது. சீழ் வடிகிற மாதிரிதான். குச்சி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. உள்ளே இரும்பு இல்லை. பட்டி பூசியிருந்தார்கள், பட்டிக்குப் பின்னால் சீனப் பத்திரிகைக் காகிதத்தைக் கசக்கித் திணித்திருந்தார்கள். காகிதம் நனைந்து கூழாகி, அதில் கரப்பான் முட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்கு அசுத்தம் ஆகாது, ஐயா. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். எங்கள் வீட்டில் கீழே நாங்கள் ஒரு அறை, மேலே உம்மு சல்மா குடும்பம், முன்பக்கம் இன்னும் மூன்று குடித்தனம். எல்லோருக்கும் சேர்த்துப் பின்கட்டில் ஒரே கக்கூஸ். அடியில் வாளி. வாளி எடுக்கிற ஆள் சில நாள் வருவான், சில நாள் வரமாட்டான். வராத நாளில் நிரம்பி வழியும். நான் இந்த ஊரில் பிறந்தவள். பிறந்த நாளிலிருந்து எனக்கு அந்த வாளிதான்.

ஃபேரர் பார்க் பக்கம் புதிதாக மாடிவீடுகள் கட்டியிருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். ரவிக்கை தைத்துக் கொடுக்கப் போன இடத்தில் ஒரு வீட்டுக்குள் போனேன். அந்த வீட்டுக்குள்ளேயே கக்கூஸ், அவர்களுக்கு மட்டும். போகலாமா என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனேன். வெள்ளைப் பீங்கான். சங்கிலியை இழுத்தேன். மேலேயிருந்து தண்ணீர் கொட்டி எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டது. எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நான் மறுபடியும் இழுத்துப் பார்த்தேன். அந்த வீட்டம்மாள் கதவைத் தட்டி, "உடம்புக்கு முடியலையா?" என்று கேட்கும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.

அதே மாடியில் ஒரு குடும்பம் வீட்டைக் கைமாற்றிவிட்டுப் போவதாகச் சொன்னார்கள். காப்பிக் காசு என்று கைமாற்றுக்கு ஒரு தொகை கொடுத்தால் சாவி. அந்த அளவுக்கு நான் ரவிக்கை தைத்துச் சேர்த்து வைத்திருந்தேன். என் காசு. என் கண்ணைக் கொடுத்துச் சேர்த்த காசு.

அந்தச் சமயத்தில்தான் வேலாயுதம் ஊரிலிருந்து வந்து இறங்கினான். என் வீட்டுக்காரரின் தம்பி. இருபத்துநாலு வயசு. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது.

அவன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. அப்படி எழுதிவிடாதீர்கள். குடிக்கமாட்டான், என்னை நிமிர்ந்து பார்த்துப் பேசமாட்டான். ஆனால் தம்ளரை வாயில் வைத்து உறிஞ்சிக் குடிப்பான். அண்ணாந்து குடிக்கத் தெரியாதா என்று கேட்டால், "மறந்துட்டேன் அண்ணி" என்று பல்லைக் காட்டுவான். நான் அந்தத் தம்ளரைக் கொதிதண்ணீரில் போட்டு எடுப்பேன். அடுத்த வேளையும் உறிஞ்சுவான். நல்லி எலும்பைக் கடித்து உள்ளே இருப்பதை உறிஞ்சிவிட்டு விரலை ஒவ்வொன்றாகச் சப்புவான். தலை வைத்துச் சாய்ந்த சுவரில் எண்ணெய் வட்டம். தொண்டையைக் காறினால் முன்கட்டு வரைக்கும் கேட்கும். எல்லாம் ஒரே அறையில், ஒரு திரைச்சீலைக்கு அந்தப் பக்கம்.

மற்றவர்களுக்கு அவனைப் பிடித்திருந்தது. உம்மு சல்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே சொல்வாள்:

"ஏ பூவம்மா, ஒன் கொழுந்தன் மாரி ஒரு புள்ள எங்க கெடைக்கும்? எங்க வீட்டுத் தண்ணிக் கொடத்தையும் சேத்துல்ல தூக்கிட்டு வந்து வச்சுட்டுப் போவுது! எனக்கு ஒரு தங்கச்சி மட்டும் இருந்திருந்தா கலிமா சொல்ல வச்சு மாப்பிள்ளையாக்கிருப்பேன், ஆமா."

"இப்பவே கூட்டிக்கிட்டுப் போங்களேன்" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இவ்வளவுதானா என்று நினைப்பீர்கள். எச்சில் தம்ளருக்காக யாராவது ஒருவனை வெறுப்பார்களா என்று கேட்பீர்கள். நீங்கள் கேட்காவிட்டாலும் நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒன்று நடந்தது. அதையும் சொல்கிறேன்.

எனக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாள். வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார். வேலாயுதம் மட்டும் இருந்தான். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எழுந்து பின்கட்டுக்கு ஓடப் பார்த்தேன், முடியவில்லை. பாத்திரம் எதுவும் பக்கத்தில் இல்லை. அவன் ஓடிவந்து இரண்டு கையையும் குவித்து என் வாய்க்குக் கீழே பிடித்தான். கையில், ஐயா. வெறுங்கையில். நான் எடுத்தேன். நிரம்பி அவன் மணிக்கட்டில் வழிந்தது. அவன் முகம் சுளிக்கவில்லை.

"பரவால்ல அண்ணி, எடுங்க எடுங்க. எங்கம்மாவுக்குச் செஞ்சதில்லையா?" என்றான்.

பிறகு அதை வெளியே கொட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து எனக்குக் கஞ்சி காய்ச்சினான். அந்தக் கையால். என்னைத் தூக்கி உட்கார வைத்துக் குடிக்கச் சொன்னான். குடித்தேன். அதற்குப் பிறகு அந்தக் கை எதைத் தொட்டாலும் எனக்கு அந்த வாசனை வந்தது. என் உள்ளே இருந்ததை அவன் பார்த்துவிட்டான், பிடித்துவிட்டான், அது அவனுக்கு ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை. இதை உங்களால் இங்கிலீஷில் எழுத முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் சாப்பிட்டு முடித்ததும் என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"பூவம்மா, அந்தக் காசு இருக்குல்ல?"

"எந்தக் காசு?"

"அதான், வீட்டுக்கு வச்சிருக்கியே. ஒஸ்மானைக் கூப்பிட்டு மோரிசைக் காட்டு. துருவெல்லாம் எடுத்து ஒழுங்கு பண்ணிட்டா வேலாயுதம் ஓட்டட்டும். காலைல ஸ்கூல் புள்ளைங்க, அப்புறம் தேக்கா மார்க்கெட்டுக்குச் சாமான் வாங்க வர்ற பொம்பளைங்க. மூட்டை தூக்கி எத்தனை நாளைக்கு முதுகு தாங்கும்?"

"அப்ப வீடு?"

"வீடு எங்க ஓடிப்போவுது லா? மூணு பேரும் இங்கயே இருந்துட்டுப் போறோம்."

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "வேணாம்ணே, அது அண்ணி காசு" என்று ஒரு குரல் வந்தது. "நீ சும்மா இரு" என்றார் இவர். அதோடு பேச்சு முடிந்தது. என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மூணு பேரும் என்றாரே, அது மட்டும் என் காதில் நின்றது.

ஒஸ்மானை நான்தான் போய் அழைத்து வந்தேன். இரண்டு சந்து தள்ளி அவர் பட்டறை. வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்த காலை நேரம். வேலாயுதம் அப்போதுதான் எழுந்து விரலில் பல்பொடி வைத்துத் தேய்த்துக்கொண்டு பின்சந்தில் நின்றான். அவனுக்கு மலாய் ஒரு வார்த்தை தெரியாது. வந்து நாலு மாசம்தான் ஆகியிருந்தது.

ஒஸ்மான் மண்டியிட்டு ஸ்க்ரூடிரைவரால் தட்டிக்கொண்டே வந்தார். கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரைக்கும் பெட்டி மாதிரி ஒரு தகடு ஓடுகிறதே, அந்த வண்டியில் பாரத்தையெல்லாம் தாங்குவது அதுதானாம். அங்கே வந்ததும் ஸ்க்ரூடிரைவர் தானாக உள்ளே போய்விட்டது. பிடி வரைக்கும்.

"காராட்" என்றார். "சினி காராட். சானா காராட். பாவா, பாஞ்யாக் காராட்."

இங்கே துரு, அங்கே துரு, அடியில் ஏகப்பட்ட துரு. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், மலாயில் காராட் என்றால் துரு.

பிறகு அந்தப் பெட்டித்தகட்டில் விரலை வைத்து, என்னைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்: "சினி ஜாங்கான் ஜேக்." இங்கே ஜாக்கி வைக்காதே. வைத்தால் ஜாக்கி உள்ளே போய்விடும், வண்டி கீழே உட்கார்ந்துவிடும். முன்னாலேயும் பின்னாலேயும் குறுக்கே தடித்த இரும்பு ஓடுகிறது, தூக்குவதாக இருந்தால் அங்கேதான் தூக்க வேண்டும், அடியில் கட்டை கொடுக்க வேண்டும் என்றார். நன்றாக விளக்கிச் சொன்னார். எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். மட்கின தகட்டை முழுக்க வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க நானூறு வெள்ளி என்றார். என் தகரப் பெட்டியில் இருந்த காசை யாரோ அவருக்குச் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது.

அவர் போனதும் வேலாயுதம் பக்கத்தில் வந்தான். வாயோரத்தில் பல்பொடி நுரை.

"அண்ணி, அந்த மலாய்க்காரரு காரட் காரட்னாரே?"

"ஆமா."

"நெறைய இருக்கா?"

"நெறைய இருக்குதாம்."

"உள்ளயா?"

"உள்ளதான். அடியில."

அவன் சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நகைக்கடைக்காரன் வண்டின்னு அண்ணன் சொன்னப்பவே நெனைச்சேன்" என்றான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. துறைமுகத்தில் அந்தப் பேச்சுத்தான் எப்போதும். யாரோ காரின் கதவுக்குள் தங்கக்கட்டி பதுக்கிக் கப்பலேற்றினார்களாம், யாரோ பெட்ரோல் டாங்கிக்குள் வைத்தார்களாம். ராத்திரிச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரருக்கு அவன் அதையெல்லாம் கதையாகச் சொல்லுவான். ஊரிலிருந்து வந்தவனுக்குக் காரட் என்றால் வேறு என்ன? இருபத்திரண்டு காரட்தான்.

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. நான் சத்தியமாகச் சொல்கிறேன், சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அட பைத்தியமே, அது துரு என்று சொல்லியிருந்தால் அவனும் சிரித்திருப்பான், ராத்திரி அண்ணனிடம் சொல்லி இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள். ஆனால் அந்த நேரம் பார்த்து அவன் சாக்கடையில் துப்பிவிட்டு, வாயில் வைத்திருந்த அதே விரலோடு உள்ளே போய் என் தண்ணீர்ப் பானையின் மூடியைத் திறந்தான்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

"எடுத்துத் தர எவ்வளவு கேக்கறாரு, அண்ணி?"

"வெட்டி எடுக்க நானூறு."

"அடேயப்பா! எடுக்கிற கூலியே நானூறுன்னா, உள்ள எவ்வளவு இருக்கும்!" தண்ணீரை உறிஞ்சினான். "எதுக்கு அண்ணி அவருக்குக் குடுக்கணும்? ஒரு சுத்தியலும் உளியும் இருந்தா நானே எடுத்துட மாட்டேனா? மூட்டை தூக்கற கை இது. அந்த நானூறு நீங்க கண்ணு போகத் தச்சுச் சேத்தது. நீங்க அந்தச் சங்கிலி வச்ச வீட்டுக்குப் போங்க. அதுக்குத்தானே ஆசைப்பட்டீங்க?"

"உனக்கு என்ன வேணும்?"

"எனக்கென்ன? அம்மாவுக்கு ஒரு ஜோடித் தோடு. அண்ணனுக்கு நல்ல வண்டி ஒண்ணு. எனக்கு ஒரு சைக்கிள் இருந்தாப் போதும்."

சங்கிலி என்றான். நான் வீட்டுக்காரரிடம் திரைக்கு இந்தப் பக்கம் ரகசியமாகச் சொன்னதை அவன் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறான். என் கக்கூஸ் ஆசை வரைக்கும் அவன் கையில் இருந்தது.

அதற்குப் பிறகு நான் யோசித்தேன். யோசிக்காமல் செய்தேன் என்று உங்களிடம் சொன்னால் அது பொய்யாகிவிடும். பல நாள் யோசித்தேன். மிசின் ஓட்டும்போது நன்றாக யோசனை வரும். நான் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒஸ்மான் எதைச் சொன்னாரோ அதில் பாதியைச் சொன்னால் போதும். மீதியைச் சொல்லாமல் இருந்தால் போதும்.

துறைமுகத்தில் யாரிடமும் பேச வேண்டாம் என்றேன். அங்கே மலாய்க்காரர்கள் உண்டு. அண்ணன் இல்லாத நாளாகச் செய், அவர் எதிர்பார்க்கவே மாட்டார் என்றேன். அதற்கு அவன் மிகவும் மகிழ்ந்தான். வீட்டுக்காரர் மலாக்கா போன ஞாயிற்றுக்கிழமை, மேலே உம்மு சல்மா முன்பக்கத்தாரையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே கல்யாண வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். நாள் நான் பார்த்துக் கொடுத்ததுதான், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள்.

டிக்கியிலிருந்து ஜாக்கியை எடுத்து வைத்துக்கொண்டு அவன் என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணி, ஒஸ்மான் எந்த இடத்தைக் காட்டுனாரு?"

நான் குனிந்து, தொடாமல், விரலை நீட்டிக் காட்டினேன். "இந்த இடத்தைத்தான்."

"இங்கதான் ஜாக்கி போடணுமா?"

"ஜாக்கியைப் பத்திச் சொன்னப்பவும் இதே எடத்தைத்தான் காட்டுனாரு."

எல்லாம் நடந்ததுதான். நீங்கள் ஒஸ்மானையே கேட்டுப் பாருங்கள்.

"அடியில கட்டை ஏதாச்சும் குடுக்கணுமோ?"

"எங்கிட்ட வேற கட்டை இல்லையே" என்றேன். மிசினுக்கு அடியில் கால் வைக்க ஒரு கட்டை வைத்திருக்கிறேன். அதைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. அவன் கேட்கவில்லை. கொடுத்தாலும் துருக்கறை பட்டுவிடும், பிறகு அதில் கால் வைக்க முடியாது.

சக்கரத்தைக் கழற்றிவிட்டால் உள்ளே நன்றாகத் தெரியும் என்று சொன்னதும் நான்தான். தெரியத்தானே செய்யும்? அவன் கழற்றினான். சட்டையைக் கழற்றி மடித்துக் கொடுத்தான். நான் வாங்கவில்லை, வண்டி மேலே வைக்கச் சொன்னேன். மல்லாந்து அடியில் நகர்ந்து போனான்.

தட்டத் தொடங்கினான். ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் பழுப்பாகக் கொட்டியது. மட்கின இலை மாதிரி அடுக்கடுக்காக.

"அண்ணி, கொட்டுது அண்ணி!"

"கொட்டட்டும். இன்னும் உள்ள போகணும்."

"என்ன இது, ஒரே நாத்தம்!"

"பழசு இல்லையா?"

அவன் அடியில் சிரித்துக்கொண்டு மறுபடியும் தட்டினான். நான் பின்வாசல் படியில் நின்று ஜாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் ஜாக்கியின் தலை கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் தகட்டுக்குள் போயிற்று. வெந்த சோற்றில் விரல் போகிற மாதிரி, சத்தமே இல்லாமல். அவனுக்கு அது தெரிய வழி இல்லை. எனக்குத் தெரிந்தது. வெளியே வா என்று ஒரு வார்த்தை போதும், மூச்சுக்கூட வாங்காது. நான் சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு ஒரு படி மேலே ஏறி நின்றேன். துருக்கறை துணியில் பட்டால் போகவே போகாது.

அவ்வளவுதான். வண்டி உட்கார்ந்தது. பெரிய சத்தம் எதுவும் இல்லை, ஐயா. ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

செத்துப்போவான் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். அதற்காகத்தான் காட்டினேன். வேறு எதற்குக் காட்டுவேன்?

உடனே போய் ஆளைக் கூட்டி வந்திருக்கலாம். சந்துமுனையில் காப்பிக்கடை இருக்கிறது, நாலு பேர் சேர்ந்தால் தூக்கிவிடுகிற வண்டிதான். டாக்டர் என்ன சொன்னார் என்று நீங்கள் படித்துக் காட்டினீர்கள், வெகுநேரம் உயிர் இருந்திருக்கிறது என்று. இருந்தது. கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். சத்தமாக இல்லை. நெஞ்சில் பாரம் இருந்தால் சத்தம் வராது போலிருக்கிறது.

கழுவியது ஏன் என்று கேட்கிறீர்கள். ரத்தம் துருத்தூளோடு சேர்ந்து சேறாக என் படி பக்கம் வந்தது. வாய்வழியாகவும் வந்தது போலிருக்கிறது, காலையில் தின்ற தோசை வாடை. படியில் ஏறினால் பிறகு கல்லுக்குள் இறங்கிவிடும். அதனால் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி விளக்குமாற்றால் சாக்கடைக்குத் தள்ளிவிட்டேன். மறுபடியும் வந்தது. மறுபடியும் தள்ளினேன். வீடு என்று இருந்தால் இதையெல்லாம் செய்யத்தான் வேண்டும். உம்மு சல்மா திரும்பி வந்து பார்த்து அலறும்போது நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அவள் உங்களிடம் சொன்னது சரி.

அந்த நானூறும் தகரப் பெட்டியில் அப்படியே இருக்கிறது. நீங்கள் போய்ப் பார்க்கலாம். நான் ஒரு காசு எடுக்கவில்லை. காசுக்காகச் செய்தேன் என்று எழுதினால் அது சரியாக இருக்காது. என் வீட்டுக்காரர் அதை வைத்து வீட்டை வாங்கிக்கொள்ளட்டும். தம்பி போன துக்கத்தில் இப்போது வேண்டாம் என்பார். பிறகு போவார். சங்கிலியை இழுத்துப் பார்த்தால் அவருக்கும் புரியும்.

எனக்கு இரக்கமே இல்லை என்று உம்மு சல்மா வெளியே நின்று அழுதுகொண்டு சொல்வது இங்கேயும் கேட்கிறது. அது அப்படியில்லை. கடைசியில் நடந்தது அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

அவனுடைய ஒரு கை மட்டும் வண்டிக்கு வெளியே இருந்தது. விரல்களை மூடி எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். "அண்ணி" என்றான். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் போனேன். போனேன், ஐயா. அவ்வளவு அருவருப்பிலும் போனேன். சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு குனிந்தேன்.

"கண்ணெல்லாம் தூளு விழுந்துருச்சு அண்ணி... ஒண்ணும் தெரியல. கையில இருக்கறதப் பாருங்க" என்றான். ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. விரலைத் திறந்தான். உள்ளங்கை நிறையத் துருச் சில்லு, ரத்தத்தில் ஊறி, கூழாக.

"காரட்டா அண்ணி?" என்றான்.

"ஆமாம்பா, தங்கம்தான்" என்றேன்.

அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்த விவகாரம் முழுவதிலும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான், ஐயா. அதுவும், போகிற நேரத்தில் பிள்ளை மனசு கஷ்டப்படக் கூடாதே என்றுதான் சொன்னேன்.